ஏழாம் இருக்கையில் கசிவு

குழாயக்கா அழுதது நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அவள் கணக்குப் பார்த்து அழவில்லை. குடிநீர் வாரியத்தின் குறைகேட்பு அறைக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும், எவ்வளவு நேரம் ஓடியது என்று திரையில் விழும். அன்றைக்கு விழுந்தது அதுதான்.

அந்த அறையில் பத்து இருக்கைகள். ஏழாவது அவளுடையது. குழாய் உடைந்தது, ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது என்கிற புகார்கள் எல்லாம் அவள் தலையில். பத்தொன்பது வருடமாக இதே வேலை என்பதால் வாசல் காவலாளியிலிருந்து கண்காணிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் குழாயக்காதான். எட்டாம் இருக்கை மீட்டர் புகார்களுக்கு. அதில் இருந்தவள் மீட்டரக்கா. இருவருக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு பலகைத் தடுப்பு உண்டு. தனித்தனியாக வேலை பார்க்கட்டும் என்று வாரியம் வைத்தது. பதினேழு வருடமாக அந்தத் தடுப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் இரண்டு பேரும் பேசினார்கள். பிள்ளைகளின் பரீட்சை, முட்டிவலி, நாத்தனார் சொன்னது, அதற்கு இவள் சொல்லாமல் விட்டது எல்லாம் அந்தப் பலகை வழியாகத்தான் போய் வந்தன. மேல்விளிம்பில் சாயம் போய் மரம் தெரிந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரக்கா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். திங்கட்கிழமை குறைகேட்பு அறையில் இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார்கள். அழைப்புகள் காத்திருந்ததால் அதை நாற்பது வினாடியோடு முடித்துக்கொண்டார்கள். புதன்கிழமை எட்டாம் மேஜையில் அச்சு இயந்திரம் ஏறி உட்கார்ந்தது. மீட்டர் அழைப்புகளும் ஏழாம் இருக்கைக்கே வரத் தொடங்கின.

குழாயக்கா அப்போதெல்லாம் அழவில்லை. வந்தாள், வேலை செய்தாள், போனாள். சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழுந்திருக்க மனம் இல்லை, பேருந்தில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். "ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்கதானே" என்று ஆறுதலாகத்தான் சொன்னார்.

அப்புறம் ஒருநாள் அந்த அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்.

"ஏழாம் இருக்கை, வணக்கம்."

"வீட்டு மீட்டர்ல ஒரு சந்தேகம்மா. முன்னாடி ஒருத்தங்க எடுப்பாங்களே, சிரிச்சுக்கிட்டே பேசுவாங்க. அவங்க லீவுங்களா?"

"ஆமாங்க," என்றாள் குழாயக்கா. "லீவுதான்."

அவ்வளவுதான். அப்புறம் நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடிக்கு வாத்தியார் காதில் வேறு ஒன்றும் விழவில்லை.

வாத்தியார் பொறுப்பான மனிதர். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மூன்றாம் இருக்கைக்குப் போனது. "உங்க ஏழாம் இருக்கையில ஏதோ கசியுது. பாவம், யாராவது போய்ப் பாருங்க" என்றார். மூன்றாம் இருக்கைக்காரர் பொதுமக்கள் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் பதிகிறவர் என்று பாராட்டுப் பத்திரம் வாங்கியவர். பதிந்தார். புகார் எண் 4417. தன்மை: கசிவு. இடம்: வாரியத் தலைமையகம், இரண்டாம் தளம், இருக்கை ஏழு.

மறுநாள் காலை ஃபிட்டர் முறுக்குச் சாவியோடு வந்து நின்றார்.

"குழாயக்கா, கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலிக்குக் கீழ பார்க்கணும்."

"என்னத்தப் பார்க்கணும்?"

"கசிவு."

"இங்க ஏதுப்பா குழாய்?"

"அதான் நானும் யோசிச்சேன். ஆனா புகார்ச் சீட்டுல போட்டிருக்கே." மண்டியிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். அரைமணி நேரம் கழித்து மூன்றாம் இருக்கைக்காரர் வந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். ஃபிட்டர் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, குழாயக்கா முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டார். அறிக்கையில் எழுதினார்: "இடத்தை ஆய்வு செய்தேன். குழாய் இல்லை. கசிவு உண்டு. என்னிடம் உள்ள கருவிகளால் ஆகாது."

அறிக்கை கண்காணிப்பாளர் மேஜைக்குப் போனதும் விவகாரம் முற்றியது. வாரியத்தில் ஒரு விதி. எந்தப் புகாரையும் முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அது சிவப்பு எழுத்தில் தலைவர் மேஜைக்குப் போகும்.

"பதினோரு வருஷமா ஒண்ணுகூட சிவப்புல போக விட்டதில்ல நான்," என்றார் கண்காணிப்பாளர். "உங்க கண்ணால நான் கெட்ட பேர் வாங்கணுமா?"

"நான் அழுகைய நிறுத்திட்டேன் சார். இப்ப அழல."

"நிறுத்திட்டேன்னா எப்படி? கசிவு எதனாலன்னு காரணம் எழுதணும், சரிபண்ணது யாருன்னு கையெழுத்து வேணும்." விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இங்க பாருங்க. 'பழுது நீங்காவிடில் கசியும் பாகத்தைக் கழற்றிக் கிடங்குக்கு அனுப்புக.' இதுல பாகம்னா நீங்க."

கிடங்கு என்பது ஊருக்கு வெளியே பழைய மீட்டர்களைக் குவித்து வைத்திருக்கிற கொட்டகை. அங்கே தொலைபேசி கிடையாது, மனிதரும் கிடையாது. வாரியத்தில் யாருக்கும் பிடிக்காதவர்களை அங்கே அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் யாரையும் பிடிக்காமல் போய்விடும்.

குழாய் சம்பந்தப்படாத நீரைக் கையாளும் அலுவலகம் எது என்று கண்காணிப்பாளர் இரண்டு நாள் தேடினார். நான்காம் தளத்தில் ஒன்று கிடைத்தது. அதன் பெயர் உள்ளநல மேம்பாட்டுப் பிரிவு.

பிரிவு திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓர் இயக்குநர், மூன்று ஆலோசகர்கள், ஒரு பதிவாளர், சாய்வு நாற்காலிகள், சுவரெல்லாம் இளம்பச்சை. இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. குழாயக்கா படியேறி உள்ளே எட்டிப் பார்த்தபோது பதிவாளர் பெண் முதலில் நம்பவில்லை. "கழிப்பறை அடுத்த கதவு மேடம்" என்றாள். புகார்ச் சீட்டைக் காட்டியதும் உள்ளே ஓடினாள். ஐந்து நிமிடத்தில் இயக்குநரே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, குழாயக்காவை நடுவில் உட்காரவைத்து, ஒரு சின்ன உரை ஆற்றினார்.

"எட்டு மாசமா இந்தப் பிரிவுக்கு யாரும் வரலை. நம்ம வாரியத்தோட மனநலம் எவ்வளவு பிரமாதமா இருக்குங்கறதுக்கு அதுவே சாட்சி. நம்ம பிரிவோட வெற்றின்னுகூட சொல்லலாம். ஆனா வெற்றி ரொம்ப நீடிச்சா பிரிவை மூடிடுவாங்க. அந்த நேரத்துலதான் நீங்க வந்திருக்கீங்க. உங்க துக்கத்தை நாங்க சாதாரணமா நினைக்கலை மேடம். அது இங்க அஞ்சு பேருக்கு ஒரு நம்பிக்கை. தயவுசெஞ்சு அவசரப்பட்டுக் குணமாயிடாதீங்க. முறைப்படி ஆகலாம்."

"முப்பது நாள் கெடு இருக்கு சார். அதுல ஆறு நாள் போயிடுச்சு," என்றாள் குழாயக்கா.

"இருபத்தி நாலு நாள்ல முறைப்படி ஆகலாம்."

அடுத்து படிவம். பதினான்கு பக்கம். பதிவாளர் கேட்கக் கேட்க இவள் சொன்னாள். தூக்கம், பசி, எடை, பிடித்த நிறம் எல்லாம் தாண்டி ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது.

"சமீபத்துல யாராவது தவறிட்டாங்களா மேடம்?"

"ஆமாம்மா."

"உறவுமுறை சொல்லுங்க. தாய், தந்தை, கணவர், மகன், மகள், உடன்பிறந்தோர், செல்லப்பிராணி. இதுல எது?"

"பக்கத்து சீட்டு."

பதிவாளர் மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். "அது இதுல இல்லையே. செல்லப்பிராணில போட்டுக்கட்டுமா மேடம்? அதுல கொஞ்சம் இடம் இருக்கு."

"வேண்டாம்மா."

"வேற வழியில்ல. அப்ப இழப்பு எதுவும் இல்லைன்னு போட்டுடறேன். அடுத்தது, மலச்சிக்கல் உண்டா?"

இப்படியாகத்தான் மீட்டரக்கா கோப்புக்கு வெளியே நின்றாள். ஆலோசகர்கள் மூன்று பேரும் படித்தவர்கள், கெட்டவர்களும் இல்லை. கோப்பில் இருப்பதைப் பார்த்தார்கள். கோப்பில் இருந்தது, காரணமே இல்லாமல் அழுகிற ஒரு பெண்மணி.

முதல் ஆலோசகருக்கு எல்லாத் துன்பமும் சின்ன வயதிலிருந்து வருகிறது. அதனால் பிரிவுக்குள்ளேயே அவருக்குப் பால்யம் என்று பெயர். தாடி வைத்தவர், மெல்லிய குரல். எட்டு மாதமாகப் பேச ஆள் இல்லாமல் அந்தக் குரல் இன்னும் மெலிந்திருந்தது.

"உங்க அப்பா உங்ககிட்ட எப்பவாவது 'குழாயை மூடு'ன்னு சொல்லியிருக்காரா?"

"எல்லா அப்பாவும் சொல்றதுதானே சார்."

"பாருங்க. எல்லா அப்பாவுக்கும் பின்னாடி உங்க அப்பாவை ஒளிச்சு வைக்கறீங்க." வேகமாக எழுதினார். "குழாயை மூடச் சொன்னார். நீங்க மூடினீங்க. அப்புறம் வாழ்க்கை பூரா குழாய் ஆபீஸ்ல உக்காந்து மூடிக்கிட்டே இருக்கீங்க. அன்னிக்குத்தான் திறந்துக்கிச்சு."

"எங்கப்பா கப்பல்ல வேலை பார்த்தார் சார். வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வீட்டுல இருப்பார். அவர் வந்தா நாங்க குழாயை மூடவே மாட்டோம். அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

பால்யம் பேனாவை வைத்தார். "ஒண்ணும் சொல்லாத அப்பா," என்றார். "எங்கப்பாவும் அப்படித்தான்."

குழாயக்காவுக்கு வாய்ப் பழக்கம். யார் எது சொன்னாலும் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். "எப்போலேர்ந்து சார்?"

"நான் இந்தப் படிப்புல சேர்ந்ததுலேர்ந்து."

"லேசா, இல்ல முழுசா நின்னுபோச்சா?"

"முழுசா," என்றார் பால்யம். அப்புறம் முக்கால் மணி நேரம் அவர்தான் பேசினார். அப்பாவுக்கு இவர் கட்டடம் கட்டுகிற இஞ்சினியர் ஆகவேண்டும் என்று ஆசையாம். இன்னும் சொந்தக்காரர்களிடம் பையன் ஏதோ கட்டிக்கொண்டிருக்கிறான் என்றே சொல்லி வருகிறாராம். குழாயக்கா நடுவே இரண்டு முறை "அப்படிங்களா" என்றாள், ஒருமுறை "அது கஷ்டம்தான்" என்றாள். மணி அடித்ததும் பால்யம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அன்றைய குறிப்பை எழுதினார்: "நல்ல முன்னேற்றம்." யாருக்கு என்று எழுதவில்லை.

இரண்டாவது ஆலோசகர் ஓர் அம்மாள். குழாயக்கா வயதுதான் இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எண்ணத்தைச் சரிசெய்தால் துக்கம் சரியாகும் என்பது அவர் கட்சி. அதற்காக அச்சடித்த தாள்கள் வைத்திருந்தார், தாள் முழுக்கக் கட்டங்கள். அவர் பெயரும் கட்டம் என்றே ஆகியிருந்தது.

"உங்க துக்கத்துக்கு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

குழாயக்கா கொஞ்சம் யோசித்தாள். "நாலு போட்டுக்குங்க மேடம்."

"நாலுன்னா லேசானது. அஞ்சுக்கு மேல போனாதான் வாரத்துக்கு ரெண்டு தடவை பார்க்கணும். உங்களுக்கு வீட்டுப்பாடம் போதும்." ஒரு கட்டுத் தாளை நீட்டினார். "என்ன நடந்தது, என்ன நினைச்சீங்க, அதுக்கு பதிலா என்ன நினைச்சிருக்கலாம். தினமும் எழுதிட்டு வாங்க."

குழாயக்கா சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். வீட்டுக்காரர் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன எழுதற?"

"துக்கத்துக்கு மார்க்."

"எவ்வளவு?"

"நாலு. பத்துக்கு."

அவர் கீரையைக் கீழே வைத்தார். நெடுநேரம் யோசித்தார். "பாஸாயிடலாம் விடு," என்றார். "இப்பதானே ஆரம்பிச்சிருக்க."

அவள் எழுதிய தாள் இப்படி இருந்தது. நடந்தது: மூன்று மணிக்கு டீ எடுக்கப் போனேன். இரண்டு டம்ளரில் பிடித்துவிட்டேன். நினைத்தது: ஒன்று அதிகம். பதிலாக நினைத்திருக்கலாம்: ஒரு டம்ளர் போதும். அடுத்த கட்டம். நடந்தது: ஒருவர் தன் வீட்டு நாய் குழாயைக் கடித்துவிட்டது என்றார். சிரிப்பு வந்தது. நினைத்தது: தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பினேன். பதிலாக நினைத்திருக்கலாம்: திரும்பாமல் இருக்கலாம்.

கட்டம் மேடம் எல்லாவற்றையும் வாசித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டார். கடைசியில், "கையெழுத்து அழகா இருக்கு" என்று எழுதி ஒரு நட்சத்திரமும் ஒட்டினார். ஆனால் தாளைத் திருப்பித் தரும்போது ஒரு நொடி கையை விடவில்லை. ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி இருந்தார். மணி அடித்துவிட்டது.

மூன்றாமவருக்கு மூச்சுதான் எல்லாம். கண்ணை மூடச் சொன்னார். வருகிற எண்ணங்களையெல்லாம் மேகம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

"மேகம் வந்தா எங்க வாரியத்துக்கு நல்லதுதான் சார்."

"பேசக் கூடாது. மூச்சை மட்டும் பாருங்க. உள்ளே... வெளியே..."

உள்ளே போனார், வெளியே வரவில்லை. குழாயக்கா கண்ணைத் திறந்தபோது சாய்வு நாற்காலியில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாவம், வீட்டில் கைக்குழந்தை, தூக்கம் இல்லை என்று பிறகு தெரிந்தது. எழுப்ப மனம் வராமல் குழாயக்கா மீதி நேரம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவைத்துவிட்டுப் போனாள்.

இருபத்தைந்தாம் நாள் கூட்டம் போட்டார்கள். குறை எதனால் வந்தது என்று கணினியில் பதிய வேண்டும். பால்யம், காரணம் அப்பா என்றார். கட்டம், எண்ணக்கோளாறு என்றார். மூச்சு, மூச்சு என்றார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்பவில்லை. முப்பது வருட ஆராய்ச்சி என்றார் ஒருவர், நாற்பது வருட ஆராய்ச்சி என்றார் இன்னொருவர். வெளியே பெஞ்சில் காத்திருந்த குழாயக்காவை உள்ளே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பதிவாளர் சொன்னபோது மட்டும் மூன்று பேரும் ஒன்று சேர்ந்தார்கள். "நோயாளி சொல்றதை வச்சு எப்படி முடிவு பண்றது?"

"நீங்க மூணு பேரும் சொல்றது சரிதான்," என்றார் இயக்குநர். "ஆனா கணினி ஒண்ணைத்தான் ஏத்துக்கும். அதனால இப்போதைக்குக் குணமாயிட்டாங்கன்னு போட்டுடுவோம். என்னன்னு அப்புறம் கண்டுபிடிச்சுக்கலாம்."

குணமானதைக் கொண்டாட இருபத்தொன்பதாம் நாள் கருத்தரங்கு. வாரியத் தலைவர் வருகிறார். பதாகையில் "அன்றாட வாழ்வில் மனச்சோர்வு: ஒரு வெற்றிக் கதை" என்று எழுதி, பக்கத்தில் குழாயக்காவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதுபண்ணிப் போட்டிருந்தார்கள். அது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய படம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊழியர் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. குறைகேட்பு அறையில் ஆள் இல்லாததால் ஒரு பதிவுக்குரலை ஓடவிட்டார்கள்: "வணக்கம். எங்கள் ஊழியர்கள் தற்போது மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் தயவுசெய்து நாளை கூப்பிடவும்."

மேடையில் இயக்குநர் பேசினார்.

"துக்கம் ஒரு காலத்துல யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் படற மாதிரி இருந்துச்சு. ஒழுங்கே கிடையாது. அதை முறைப்படுத்தினது நம்ம பிரிவு. இதோ இந்த அம்மா முகத்தைப் பாருங்க. முந்தி எப்படி இருந்துச்சுன்னு எங்ககிட்ட ரெக்கார்டு இல்லை. ஆனாலும் முன்னேற்றம் தெரியுது. பத்துக்கு நாலுங்கற நிலையில வந்தாங்க. இப்பவும் நாலுதான். ஒரு மார்க்கூட ஏற நாங்க விடலை. இவங்களைக் குணப்படுத்தறதுல எங்க மூணு நிபுணர்களுக்குள்ள கடுமையான கருத்து வேறுபாடு இருந்துச்சு. அதை நாங்க நோயாளிக்குத் தெரியாம பார்த்துக்கிட்டோம்."

கைதட்டினார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். படம் எடுப்பதற்கு முன் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், ஒலிவாங்கியைக் குழாயக்கா பக்கம் தள்ளினார். "நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா. நன்றின்னு சொன்னாலே போதும்."

குழாயக்கா எழுந்தாள். மைக்கைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில், "ஏழாம் இருக்கை, வணக்கம்" என்று வந்துவிட்டது. மண்டபத்தில் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். எட்டாம் இருக்கை என்று அடுத்த குரல் கேட்கும் என்பதுபோல ஒரு கணம் நின்றாள்.

"மீட்டரக்கா செத்துட்டாங்க," என்றாள். "நாலு மாசம் ஆச்சு. அதுக்குத்தான் அழுதேன்."

சிரிப்பு நின்றது.

"எங்களுக்குள்ள சொந்தம்னு எதுவும் இல்லீங்க. பக்கத்து சீட்டு, அவ்வளவுதான். அதனால படிவத்துல இடம் இல்லாமப் போச்சு. தப்பு யார் மேலயும் இல்ல. எல்லாரும் ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டாங்க. நன்றி."

உட்கார்ந்துவிட்டாள். இயக்குநர் கோப்பை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். "இழப்பு இல்லைன்னு போட்டிருக்கே," என்றார், கோப்பிடம்.

பின்வரிசையில் ஃபிட்டர் எழுந்து நின்றார். "நான் ஒண்ணு சொல்லலாங்களா? தினம் காலையில என் லிஸ்ட்டை மீட்டரக்காதான் போன்ல படிப்பாங்க. கடைசில சாப்டியான்னு கேப்பாங்க. இப்ப மெசேஜ்ல வருது. லிஸ்ட்டு மட்டும் வருது."

மூன்றாம் இருக்கைக்காரர் எழுந்தார். என் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாதபோது இரண்டு மாதம் என் அழைப்புகளையும் சேர்த்து அவள்தான் எடுத்தாள், யாருக்கும் தெரியாது என்றார். வண்டி ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். வாசல் காவலாளி உள்ளே வந்து நின்றார். கண்காணிப்பாளர் எழுந்தபோது எல்லோரும் அவர் ஒழுங்குபடுத்தப் போகிறார் என்று நினைத்தார்கள்.

"அந்த மேஜையில பிரிண்டரை வைக்கச் சொன்னது நான்தான்," என்றார். "காலியா பார்க்க முடியல. அதனால வச்சேன்." மூக்கை உறிஞ்சினார். "அந்த இடத்துல பிளக் பாயிண்ட்கூட கிடையாது. நாலு மாசமா அது ஓடவே இல்ல."

இயக்குநருக்கு வேர்த்துவிட்டது. "தயவுசெஞ்சு எல்லாரும் உக்காருங்க. முன்பதிவு இல்லாம யாரும் துக்கப்படக் கூடாது. படிவம் பதிமூணுதான் இருக்கு." யாரும் உட்காரவில்லை. பதிவாளர் பெண் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு தானும் அழுதுகொண்டிருந்தாள். அவள் மீட்டரக்காவைப் பார்த்ததே இல்லை.

தலைவர் இயக்குநர் பக்கம் சாய்ந்தார். "இது நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?"

இயக்குநர் ஒரு கணம்தான் தடுமாறினார். "இருக்கு சார். கூட்டுச் சிகிச்சை. நம்ம பிரிவோட கண்டுபிடிப்பு."

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடவேண்டும். கூட்டுச் சிகிச்சைக்காக இயக்குநருக்குக் கேடயம் கிடைத்தது. பிரிவுக்கு இன்னும் அரைத் தளம் ஒதுக்கினார்கள். படிவத்தைத் திருத்தி, உறவுமுறைப் பட்டியலில் செல்லப்பிராணிக்கு அடுத்து "பக்கத்து இருக்கை (இடம் / வலம்)" என்று சேர்த்தார்கள். முப்பதாம் நாள் மாலை நாலரை மணிக்குப் புகார் எண் 4417 தீர்ந்ததாகக் கையெழுத்தானது. காரணம் என்ற இடத்தில் கண்காணிப்பாளர், நெடுநேரம் யோசித்து, "இயல்பானது" என்று எழுதினார். குழாயக்கா கிடங்குக்குப் போகவில்லை. அச்சு இயந்திரம் போயிற்று.

ஆனால் கருத்தரங்கு நாளன்று, படம் எடுத்து முடிந்து மண்டபம் காலியான பிறகு, குழாயக்கா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கட்டம் மேடம் மேடையிலிருந்து இறங்கிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் தாள் இல்லை. அது இல்லாமல் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாலுன்னு சொன்னீங்களே," என்றார். "நிஜமா எத்தனை?"

குழாயக்கா அவரைப் பார்த்தாள். "சில நாள் ஒன்பது மேடம். காலையில பத்து."

"அப்புறம் ஏன் நாலு சொன்னீங்க?"

"கேட்ட உடனே உங்க முகத்தைப் பார்த்தேன். களைப்பா இருந்தீங்க. ஜாஸ்தியா சொன்னா உங்களுக்கு வேலை கூடிப்போகுமேன்னு."

கட்டம் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். சங்கிலி இருக்கிற ஞாபகத்தில் அதை அப்படியே விட்டுவிட்டார். இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவர். முகத்தைப் பார்த்திருக்கவேண்டியவர் தாம்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை வாங்க," என்றார். "பத்துன்னா பத்துக்கு உண்டானதைப் பார்க்கணும். மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்டயும் கேப்போம். எண்ணத்தைத் திருத்தறதெல்லாம் அப்புறம்." பிறகு, தயங்கி, "மீட்டரக்கா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார்.

இருபத்தொன்பது நாளில் இதை யாரும் கேட்கவில்லை. குழாயக்காவுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"குட்டையா இருப்பாங்க மேடம். தடுப்புக்கு மேல கண்ணு மட்டும் தெரியும்." நிறுத்தினாள். "ஒருநாள் ஒருத்தர் போன் பண்ணி ஒரே கத்து. எங்க வீட்டு மீட்டர் பின்பக்கமா ஓடுதுன்னு. அரைமணி நேரம் திட்டறார். மீட்டரக்கா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, 'அப்ப நீங்கதான் சார் இத்தனை நாளா எங்களுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டிருக்கீங்க. வாரியத்தின் சார்பா ரொம்ப நன்றி'ன்னாங்க."

கட்டம் மேடம் வாயைப் பொத்தினார். பொத்தியும் வந்துவிட்டது. காலி மண்டபத்தில் அது பெரிதாகக் கேட்டது.

"அவர் என்ன சொன்னாராம்?"

"'பரவாயில்ல, இருக்கட்டும்மா'ன்னு வச்சுட்டாராம்."

இப்போது இரண்டு பேருமே சிரித்தார்கள். குழாயக்காவுக்குச் சிரிப்போடு கண்ணிலும் வந்தது. துடைக்கத் தோன்றவில்லை, விட்டுவிட்டாள்.

"இன்னொண்ணு சொல்லுங்க," என்றார் கட்டம் மேடம்.

குழாயக்கா நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். சொல்வதற்குப் பதினேழு வருடம் இருந்தது.